ஒட்டி வைத்த ராட்டினம்

அத்தியாயம் 17

சின்னவள் அண்ணனிடம் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுக் கணக்கை முடித்திருக்கலாம்.

"ராட்டினம் இங்கேயேதான் இருக்கும்ண்ணா" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாளே, அது அத்தனையும் உண்மை. கூட்டத்தில் மல்லுக்கு நின்று, தலைமைப் பொறியாளரின் முகச்சுளிப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, வரைபடத்தில் அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி இருந்தது. ராட்டினம் இருக்கும், சுற்றாது. பின்பாதிக்கு அவள் வாயெடுத்த நேரத்தில் மறுமுனையில் அண்ணன் சிரித்துவிட்டார். "இரு, உன் அண்ணிகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று போனை வைத்தவர்தான். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஒரு வாரமாக அந்தப் பின்பாதி அவளோடு அலுவலகத்துக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தது, படுக்கையில் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பூங்காவையும் பொருட்காட்சி மைதானத்தையும் சேர்த்து என்ன செய்யப் போகிறோம் என்பதை மாநகராட்சி இன்றைக்கு ஊருக்குக் காட்டுகிறது. மைதானத்தின் நடுவில் பந்தல். பந்தலின் நடுவில் மேசை. மேசைமேல் அட்டையிலும் மரத்துண்டிலும் செய்த மாதிரி மைதானம். அதைப் பார்க்க மேயர் வருகிறார். கடைக்காரர்கள் சார்பாகப் பேச, ராட்டினக்காரரான அண்ணன் வருகிறார்.

மேயர் வருவதற்கு முன்னால் அண்ணனைத் தனியாகப் பிடித்துவிட வேண்டும் என்று வெயில் ஏறுமுன்பே வந்துவிட்டாள்.

மைதானத்தை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கோடை விடுமுறையில் மட்டும் அதற்கு உயிர் வரும். விளக்கு, பாட்டு, ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளின் சட்டை நிறம். விடுமுறை முடிந்தால் தார்ப்பாய் போட்டு மூடிய இரும்புகள், சேறு, மழைநீர் தேங்கிய பள்ளம். மற்ற மாதங்களில் அந்தப் பக்கம் நாய்கூட ஒதுங்காது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய இடம் இப்படிக் கிடக்கிறதே என்று அவளுக்கு உண்மையிலேயே ஆற்றாமை உண்டு. கூரை போட்ட ஓர் அரங்கம், புல்வெளியில் திறந்த மேடை, வாரச் சந்தைக்கு ஒரு கூடம், மழையிலும் வயதானவர்கள் நடக்க ஒரு மூடிய பாதை. வருடம் முழுக்க யாராவது எதற்காகவாவது வந்துகொண்டே இருக்கும் இடம். அதை வரைந்தபோது யாரையும் கெடுக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அரங்கத்தின் கூரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்தது. கூரைக்கு அவ்வளவு அருகில் ஆள் ஏறிச் சுற்றும் இயந்திரம் கூடாது என்று விதி சொன்னது. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். "அந்த இரும்பை எடுத்துடச் சொல்லுங்க" என்றார் தலைமைப் பொறியாளர். அவள்தான் விடாப்பிடியாக நின்று, சக்கரத்தைப் பூட்டிப்போட்டு விளக்கு மாட்டி அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொள்ளவைத்தாள். அன்றைக்கு அதை வெற்றி என்று நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத்தானே ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் ராட்டினத்தடியில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலைமுடியைப் படிய வாரியிருந்தார். சுற்றிலும் நாலைந்து கடைக்காரர்கள்.

"வந்துட்டா என் தங்கச்சி" என்றார். அவளிடம் அல்ல, சுற்றி நின்றவர்களிடம். "இவதான் மொத்தமும் வரைஞ்சா. சின்ன வயசுல டிக்கெட் பெட்டிக்குள்ள உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. இப்ப நமக்கே வீட்டுப்பாடம் குடுக்கறா."

பலூன் சுடும் கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் அவர் பலூன்காரர்தான், அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

"பேரு மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கலாம்மா. பல்நோக்கு சமூக நிகழ்வு வளாகம்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போகுது."

"நீ குடிச்சிட்டுச் சொல்லு" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தப் பலூன்காரர்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் இடத்தை விட மாட்டேன் என்று தரையில் படுத்தவர். இவரைப் பார்த்து மற்றவர்களும் முறுக்கிக்கொண்டார்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து பேசிப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். கடைசியில் அண்ணன் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். "நம்ம வீட்டுப் பொண்ணு போட்ட பிளான். ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க" என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் சம்மதித்தார்கள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் தனியா பேசணும்."

"பேசலாம் பாப்பா. மேயர் வர்ற நேரத்துல நீ இங்க நின்னா எப்படி?"

"முக்கியம்ண்ணா."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. நாற்பதை எட்டிப் பிடிக்கும் தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற அண்ணனுக்கு அவள் குரல் ஏறி இறங்குவது தெரியாமல் போகுமா? கடைக்காரர்களை விட்டு இரண்டடி தள்ளி வந்தார்.

"என்னம்மா? உடம்புக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல. ராட்டினத்தைப் பத்தி."

அவள் கைப்பையில் போன் அடித்தது. தலைமைப் பொறியாளர். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"எடு, எடு. பெரிய அதிகாரி கூப்பிடறாரு" என்றார் அண்ணன். "ராட்டினம் எங்க ஓடிப்போகுது? சாயங்காலம் வீட்டுக்கு வா. சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

அவள் போனை எடுத்தாள். எடுக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பந்தலில் நாற்காலி குறைகிறது என்பதுதான் அந்த அழைப்பின் சாரம்.

மேயர் வந்தார், கையசைத்தார், மாலை வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பந்தலுக்குள் கூட்டம் நெருக்கியது. மாதிரி மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் கடை எங்கே வருகிறது என்று விரலால் தேடினார்கள். சந்தைக் கூடத்தின் கூரையைக் கழற்றிக் காட்ட முடியும். உள்ளே விரல்நுனி அளவில் கடைகள். ஒரு மூதாட்டி மூடிய பாதையை விரலாலேயே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "உக்கார எடமும் வெச்சிருக்காங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரம் மற்றதெல்லாம் மறந்தேபோனது.

மாதிரியில் பூங்காக் குளத்தோரம், அரங்கக் கூரைக்குப் பக்கத்தில் ராட்டினம் இருந்தது. கம்பியில் வளைத்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பெட்டிகள் தொங்கவிட்ட ராட்டினம். மாதிரியைச் செய்துகொடுத்த பெண் கைவேலையில் கெட்டிக்காரி. நிஜ ராட்டினத்தில் ஒரு பெட்டியின் கதவு மட்டும் பச்சை. அதைக்கூட விடாமல் பச்சை தீட்டியிருந்தாள்.

அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பச்சைக் கதவுகூட வெச்சிருக்காங்கப்பா" என்று பலூன்காரரை இழுத்துக் காட்டினார். இரண்டு கிழவர்களும் மேசைமேல் குனிந்தார்கள். சின்னவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் மேயரின் பக்கத்தில் நின்றிருந்தாள். நடுவில் அவள் வரைந்த மொத்த மைதானமும் கிடந்தது.

அண்ணன் ஒற்றை விரலை நீட்டி ராட்டினத்தை மெல்லத் தள்ளினார்.

அது அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். அடிப்பலகை ஆடியதே தவிர சக்கரம் நகரவில்லை.

"பசை ஒட்டிக்கிச்சு போல" என்றார் மாதிரி செய்த பெண்ணிடம், அவளுக்குச் சங்கடம் வராத மாதிரி மெதுவாக.

அவள் புன்னகையோடு சொன்னாள், "இல்ல சார், அது சுத்தாது. நிரந்தரமா நிறுத்தி வைக்கப் போறாங்க. அதனால ஒட்டிடச் சொல்லிட்டாங்க. லைட் மட்டும் எரியும். போடட்டுமா?"

போட்டாள். சின்னச் சின்ன விளக்குகள் வட்டமாக எரிந்தன. யாரோ கைதட்டினார்கள்.

அண்ணன் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலூன்காரர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"என்ன ராட்டினக்காரரே, சுத்தாதாமே. நீ எங்ககிட்ட வேற மாதிரி சொன்ன?"

குரலில் கேலி இல்லை, பயம் இருந்தது. ராட்டினக்காரனுக்கே இந்தக் கதி என்றால் எனக்குக் கொடுத்த வாக்கு என்னாகும் என்கிற பயம். பக்கத்தில் நின்ற மற்ற கடைக்காரர்களும் மாதிரியை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார்கள்.

இப்போது தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவர். கேட்டிருந்தால் நியாயம். மேயர் முன்னாலேயே கேட்டிருந்தாலும் நியாயம்தான்.

"எனக்குத் தெரியும்யா" என்றார் அண்ணன், நிமிர்ந்து. "என் தங்கச்சி அன்னிக்கே சொல்லிட்டா. பக்கத்துல கூரை வருது பாரு. அதுக்கு மேல பெட்டி ஆடிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? நான்தான் சரின்னேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"என் ராட்டினத்துக்கு உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? உன் பலூனுக்கு நீ என்கிட்ட கேட்டியா?" சிரித்தார். "வயசாயிடுச்சு. அதுவும் நிக்கட்டும், நானும் உக்காரறேன்."

பலூன்காரர் முகம் தெளிந்தது. மற்றவர்களும் மறுபடி தங்கள் கடைகளைத் தேடக் குனிந்தார்கள்.

பிறகு அண்ணனைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது நம் பிள்ளைகளுக்கான இடம், மழைக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கான இடம், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று பேசினார். தடுமாறவே இல்லை. மேயர் எழுந்து கைகொடுத்தார். ஒரு தடவைகூட அண்ணன் தங்கை நின்ற பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பேச்சை அவள் வாழ்நாளுக்கும் மறக்கப் போவதில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் ராட்டினத்தடிக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓட்டம்தான். அடையாள அட்டை கழுத்தில் புரள, வழியில் யாரோ கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பாமல்.

அண்ணன் தரைமட்டத்தில் நின்ற பெட்டிக்குள் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். போனில் யாரிடமோ பேசி முடித்து அதைச் சட்டைப்பையில் போட்டார்.

"அண்ணா."

"உக்காரு."

எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். பெட்டி லேசாக ஆடியது.

"காலையில சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்."

"போன வாரமே சொல்லியிருக்கணும். நீங்க அவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

"ம்."

"மொத்தமா எடுக்கச் சொன்னாங்கண்ணா. நான்தான் சண்டை போட்டு இதையாவது..."

"அதுவும் தெரியும். நீ சும்மா இருந்திருக்க மாட்ட." அவர் குரலில் கோபம் இல்லாததுதான் அவளைப் பதற வைத்தது. "இது சுத்தலைன்னா எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது பாப்பா. நாலஞ்சு வருஷமா பாதிப் பெட்டி காலியாத்தான் சுத்துது. நீ வந்து, அண்ணா சுத்த விட மாட்டேங்கறாங்க, நிறுத்தி வைக்கத்தான் முடியும், என்ன சொல்றீங்கன்னு கேட்டிருந்தா, நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பந்தல்ல பலூன்காரன்கிட்ட சொன்னதைத்தான் உன்கிட்டயும் சொல்லியிருப்பேன். வயசாயிடுச்சு, அதுவும் நிக்கட்டும், நானும் உக்காரறேன்னு. நிஜமாவே சொல்லியிருப்பேன். இப்ப அது பொய்யாப் போச்சு."

தூரத்தில் பந்தல் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொம்மை செஞ்ச பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்குப் பசை வாங்கிக் குடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும். உன் ஆபீஸ்ல டீ கொண்டு வரவனுக்கும் தெரிஞ்சிருக்கும். ராட்டினக்காரனுக்குத்தான் தெரியல."

"நான் பண்ணது தப்புதான்ண்ணா."

"பலூன்காரன் உன் பிளானைப் பாத்தா சம்மதிச்சான்? அதுல அவனுக்கு என்ன புரியும்? என் முகத்தைப் பாத்தான். இனிமே இங்க இருந்தேன்னா, தினம் அவன் முன்னால அந்த முகத்தைக் கொண்டு போய் நிறுத்தணும். அவனுக்கு ஏதோ ஒரு சின்னக் குறை வந்தா, இவனுக்கு முன்னாடியே தெரியும்னு நினைப்பான். நானும் இல்லைன்னு சொல்ல முடியாது. தெரியும்னு ஊர் முன்னாடி சொல்லிட்டேனே."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இனிமே இங்க இருந்தேன்னான்னா?"

அண்ணன் பெட்டியின் கம்பியைத் தடவினார்.

"கடற்கரை ஊர்ல ஒருத்தர் ரொம்ப நாளா இதைக் கேட்டுக்கிட்டு இருக்காரு. கூடவே ஓட்டறதுக்கு ஆளும் வேணுமாம். இப்பதான் போன் போட்டேன். நாளைக்கே லாரி அனுப்பறேன்னுட்டாரு."

"அண்ணா, அவசரப்படாதீங்க. நான் மறுபடியும் கமிட்டியில பேசறேன். கூரையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு..."

"வேண்டாம்." முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உடனே தணிந்தது. "எனக்காக ஒண்ணையும் தள்ளிப் போடாத. அந்தம்மா விரலை வெச்சு நடந்து பாத்தாங்களே, பாத்தேன். நல்ல பிளான் பாப்பா. மேடையில அதைப் பொய்யாச் சொல்லல."

அவர் இறங்கி, வழக்கமாக ஏறுபவர்களுக்குச் செய்வதுபோல, அவள் இறங்கும்வரை பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு கழற்றுகிற ஆட்களைத் தேடிப் போனார்.

அலுவலகத்தில் அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். தலைமைப் பொறியாளர் அவளுக்குத்தான் முதல் துண்டு என்றார். "உங்க அண்ணன் பேச்சுதான் இன்னிக்கு ஹைலைட். அவர் மட்டும் ஏதாவது குதர்க்கமா பேசியிருந்தா ஆறு மாச வேலை அம்போ ஆகியிருக்கும். முன்கூட்டியே பேசி வெச்சுட்டீங்க இல்ல? அதுதான் சாமர்த்தியம்."

அவள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சாப்பிடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மைதானத்தின் பின்தெருவில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை. ராட்டினத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் முடிந்து, அது இந்த மைதானத்தில் நிலையாக நின்ற பிறகு பிடித்த வீடு. அண்ணி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வா. பலூன்காரர் சம்சாரம் வந்து எல்லாம் சொல்லிட்டுப் போனா" என்றார் அண்ணி. "உங்க அண்ணன் அப்பவே சம்மதிச்சிட்டாராமே, பெரிய மனசுன்னு ஒரே புகழ்ச்சி. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். எனக்கு இப்பதான் தெரியும்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"அண்ணி, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

"திட்டினா உனக்குச் சரியாப் போயிடும். அதான் திட்டல."

அண்ணி ஒரு சட்டையை உதறினார். காலர் ஓரத்தில் கிரீஸ் கறை. தேய்த்துத் தேய்த்து மங்கிப் போயிருந்ததே தவிர முழுதாகப் போகவில்லை.

"ஊருக்குப் போறதப் பத்தியும் சொன்னாரா?" என்று கேட்டாள் சின்னவள்.

"போன்ல சொன்னார். நாளைக்கு லாரின்னார். சரின்னு வெச்சுட்டார். உனக்குச் சம்மதமான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல." அண்ணி சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தார். அடுத்த துணியை எடுக்கவில்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? நான் போகல."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. "நாளைக்கா? ரெண்டு நாள் கழிச்சுப் போறீங்களா?"

"போகவே இல்ல."

வாசலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அண்ணி எழுந்து போய் சமையலறை அலமாரியைத் திறந்தார். டப்பாக்கள் வரிசையாக நின்றன. அலமாரியை மூடாமலே பேசினார்.

"கல்யாணம் ஆன புதுசுல, ஒரு ஊர்ல பாத்திரத்தை எடுத்து அடுக்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஊருக்குக் கட்ட ஆரம்பிப்போம். அப்ப எனக்கு அது கஷ்டமாத் தெரியல. இங்க வந்தப்புறம்தான், ஒரு டப்பா நேத்து வெச்ச எடத்துலயே இன்னிக்கும் இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சுது. மறுபடியும் கட்டிக்கிட்டுக் கிளம்ப என்னால ஆகாது பாப்பா."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொல்றது? வருஷக்கணக்கா சொல்லணும்னு நினைப்பேன். அவர் ராட்டினத்தைப் பத்தி ஏதாவது சந்தோஷமாப் பேசிக்கிட்டு இருப்பார். சரி, இப்ப வேண்டாம்னு விட்டுடுவேன்."

ஒரு வாரமாகச் சின்னவள் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம், இன்னொருவர் வாயிலிருந்து.

"அவர் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது" என்றார் அண்ணி. "புது எடத்துல அவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து போகலாம். இல்ல, அங்க போய்ப் பிடிக்காமத் திரும்பி வரலாம். வந்தார்னா இந்தக் கதவு திறந்திருக்கும். சந்தைக் கூடத்துல சாப்பாட்டுக்கு ஒரு கடை கேட்டா குடுப்பாங்களா? உன் சிபாரிசு வேண்டாம். வரிசையில நின்னே வாங்கிக்கறேன்."

"அண்ணி, இதை இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. அவர் வர்றதுக்குள்ள..."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அண்ணன் உள்ளே வந்தார். காலையில் போட்ட இஸ்திரிச் சட்டையெல்லாம் கறுப்பு. கழற்றுகிற வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது. தங்கையைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு வழக்கமான குரலில், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"மேல் பெட்டியெல்லாம் இறக்கியாச்சு. லாரி விடிஞ்சதும் வந்துடும். டிரைவர் பக்கத்துல ரெண்டு பேருக்கு எடம் இருக்குன்னான்." மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முழுவதும் இல்லாத ஒரு இளக்கம் வந்தது. "அங்க வீட்டு ஜன்னல்ல இருந்து கடல் தெரியுமாம். உனக்குப் பிடிக்கும். உன் சாமான்ல எதெல்லாம் முதல்ல ஏத்தணும்னு சொல்லிடு. பசங்களை விட்டு இப்பவே கட்டச் சொல்றேன்."

அண்ணி அலமாரிக் கதவில் கைவைத்தபடி நின்றார். ஜன்னலும் கடலுமாக அவர் இவ்வளவு ஆசையாகப் பேசும்போது, இப்போதும் அண்ணி சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார் என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

"என்னுது எதையும் ஏத்த வேண்டாங்க" என்றார் அண்ணி.

"ஏன், புதுசா வாங்கிக்கலாம்னு பாக்கறியா?"

"நான் வரல."

அண்ணன் சிரிக்கப் போனார். மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். துடைத்துக்கொண்டிருந்த துணி அவர் மடியில் விழுந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அண்ணியை விட்டுவிட்டு, கழுத்தை மெல்லத் திருப்பித் தங்கையைப் பார்த்தார். காலையில் பந்தலில் பார்க்காமல் விட்ட பார்வை அது.

"இதுவும் உனக்கு முன்னாடியே தெரியுமா பாப்பா?"